பேசிஃபையரா, டீத்தரா? பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பாதி, குழந்தையின் வாயில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் மறுபடி எழுதாமல் கேள்வி எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

1. ரெண்டுமே வாயில வைக்கிறதுதானே, பேசிஃபையருக்கும் டீத்தருக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

பேசிஃபையர் சப்புவதற்கு, டீத்தர் கடிப்பதற்கு. சப்பும் பழக்கம் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடுகிறது. பால் வந்தாலும் வராவிட்டாலும், சப்புவதே குழந்தைக்கு ஓர் ஆறுதல். பேசிஃபையர் அதற்காகச் செய்யப்பட்டது: வாய்க்குள் ஒரு மெல்லிய காம்பு, உதட்டுக்கு வெளியே ஒரு தட்டு, பிடித்து இழுக்க ஒரு வளையம்.

டீத்தரின் வேலை பல் ஈற்றில். பல் கீழேயிருந்து முட்டிக்கொண்டு வரும்போது ஈறு வீங்கி உறுத்தும். மேலிருந்து எதையாவது அழுத்தினால் அந்த உறுத்தல் சற்று அடங்கும். அதனால் டீத்தர் தடிமனாக, கடித்தாலும் கிழியாதபடி, குழந்தையே கையில் பிடித்துக்கொள்ளும்படி இருக்கும். "எது நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் குழந்தை இப்போது சப்புகிறதா, கடிக்கிறதா?

2. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அவன் கையில கிடைக்கிற எல்லாத்தையும் வாயில வைக்கிறானே!

கையை நன்றாகக் கழுவி, நகம் வெட்டிய ஆள்காட்டி விரலின் நுனியைக் குழந்தையின் வாயில் வையுங்கள். சப்ப வேண்டும் என்றிருந்தால் நாக்கு விரலுக்கு அடியில் குழிந்து, உதடு மூடி, விரல் சீராக உள்ளே இழுபடும். கடிக்க வேண்டும் என்றிருந்தால் தாடை மேலும் கீழும் போகும். நாக்கு விரலை ஓரத்துக்குத் தள்ளும். ஈற்றில் ஒரே இடத்தில் வைத்து நறநறவென்று அழுத்தும். ஒருமுறை உணர்ந்துவிட்டால் அப்புறம் குழப்பமே வராது.

அப்படியே விரலைக் கீழ் ஈற்றின் முன்பக்கம் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் முதல் பல் அங்கேதான் வரும். வழவழப்பாக இருந்த இடத்தில் கெட்டியான ஒரு மேடு தட்டுப்படலாம், வெளிச்சத்தில் வெள்ளையாக ஒரு விளிம்பு தெரியலாம். சில குழந்தைகளுக்குப் பல் வருமிடத்தில் நீலமாக ஒரு கொப்புளம்கூட வரும். பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் பல் வெளியே வரும்போது அது பெரும்பாலும் தானே உடைந்து சரியாகிவிடும். குத்தியோ கீறியோ விட வேண்டாம்.

நேரமும் ஒரு தடயம். சப்பும் ஆசை தூக்கம் வரும்போதும், நாள் முடிந்து களைத்துப் போகும்போதும் அதிகமாக இருக்கும். கடிக்கும் ஆசை விழித்து விளையாடும்போதுதான் நன்றாகத் தெரியும்.

3. எந்த வயசுல எதைக் கொடுக்கலாம்?

புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பேசிஃபையரை ஆரம்பத்திலிருந்தே கொடுக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, பால் குடிப்பது நன்றாகப் படிந்த பிறகு. பெரும்பாலும் மூன்று நான்கு வாரம் ஆகும். ஏன் என்பது அடுத்த பதிலில்.

டீத்தருக்குக் குழந்தை பொருளைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகத் தெரிந்திருக்க வேண்டும். அது சுமார் மூன்று நான்கு மாதத்தில் வரும். முதல் பல் சராசரியாக ஆறு மாதத்தில் முளைக்கும், நாலு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை எப்போது வந்தாலும் இயல்புதான். ஆக, நாலாவது மாதத்தை ஒட்டி இரண்டுமே வீட்டில் இருக்கும் ஒரு காலம் வரும். அது தவறில்லை, இரண்டுக்கும் வேலை வேறு.

4. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குப் பேசிஃபையர் கொடுத்தா மார்புல குடிக்காதுன்னு சொல்றாங்களே?

இந்தக் கவலைக்கு அடிப்படை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-ல் வெளியிட்ட தாய்ப்பாலுக்கான பத்துப் படிகளில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பேசிஃபையரே தரக்கூடாது என்று இருந்தது. 2018-ல் திருத்தியபோது அந்தப் படியை மாற்றினார்கள். புட்டி, காம்பு, பேசிஃபையர் ஆகியவற்றின் பயன்பாட்டையும் ஆபத்தையும் தாய்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே இப்போதுள்ள வாசகம். நன்றாகப் பால் கொடுக்கத் தொடங்கிவிட்ட தாய்மாரிடம் நடந்த ஆய்வுகளில், பேசிஃபையரால் தாய்ப்பால் காலம் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் முதல் சில வாரம் வேறு கதை. பச்சைக்குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிக்க வேண்டும். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். பசிக்கும்போது முதலில் வருவது அழுகை இல்லை. தலையைத் திருப்பித் தேடும், உதட்டைச் சப்புக்கொட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அந்த நேரத்தில் பேசிஃபையரை வைத்தால் குழந்தை சும்மா சப்பிக்கொண்டு ஒரு வேளையைத் தாண்டிவிடும். இப்படி நாளுக்கு இரண்டு வேளை போனால் குழந்தையின் எடையும் குறையும், தாய்க்குப் பால் ஊறுவதும் குறையும்.

அதனால் மூன்றை மட்டும் பாருங்கள். பிறந்த எடைக்குக் குழந்தை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட்டதா? நாளுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா? மார்பில் கவ்வும்போது தாய்க்கு வலியும் இல்லை என்றால், அதன்பின் பேசிஃபையரைப் பற்றி யோசிக்கலாம். இதில் ஏதாவது இடித்தால் முதலில் பால் கொடுப்பதைச் சரிசெய்யுங்கள்.

5. அழுதா உடனே பேசிஃபையர் வச்சுடலாமா?

கடைசியாக வையுங்கள். பசியா, நனைந்திருக்கிறதா, வியர்க்கிறதா, ஏப்பம் வர வேண்டுமா, தூக்கி வைத்துக்கொண்டால் போதுமா என்று பார்த்த பிறகும் சப்பத்தான் தேடுகிறது என்றால் கொடுங்கள். தடுப்பூசி போடும்போதும் இரத்தம் எடுக்கும்போதும் பேசிஃபையர் உண்மையாகவே வலியைத் தணிக்கிறது. அங்கே தயங்காமல் பயன்படுத்தலாம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே ஊசி போட முடிந்தால் அது இன்னும் நல்லது.

6. தூங்கும்போது வாயில இருந்தா மூச்சு முட்டாதா? எனக்கு எடுத்துடணும்னு தோணுது.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் உண்மை நேர்மாறானது. தூங்கவைக்கும்போது பேசிஃபையர் கொடுக்கப்படும் குழந்தைகளிடம் திடீர் சிசு மரணம் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதனால்தான் பகல் தூக்கத்துக்கும் இரவுத் தூக்கத்துக்கும் அதைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. எப்படித் தடுக்கிறது என்பது இன்னும் மருத்துவர்களுக்கு முழுதாக விளங்கவில்லை. மல்லாக்கப் படுக்கவைப்பது, கெட்டியான சமதளப் படுக்கை, முகத்தருகே தலையணையோ போர்வையோ பொம்மையோ இல்லாதது ஆகியவைதான் முதன்மையான பாதுகாப்பு. பேசிஃபையர் அதற்கு மேல் ஒரு கூடுதல்.

தூக்கத்தில் விழுந்துவிட்டால் விட்டுவிடுங்கள், மறுபடி வைக்க வேண்டியதில்லை. குழந்தை வேண்டாம் என்றால் திணிக்கவும் கூடாது. தூங்கும்போது அதில் கயிறோ கிளிப்போ தொங்கும் பொம்மையோ இருக்கக் கூடாது. டீத்தரைத் தூக்கத்தில் கொடுக்கவே வேண்டாம், அது விழித்திருக்கும்போது கண் முன்னால் கொடுக்க வேண்டிய பொருள்.

7. மூணு மாசம்தான் ஆகுது. ஒரே ஜொள்ளு, முழுக் கையும் வாயில. பல் வருதா?

பெரும்பாலும் இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் எச்சில் சுரப்பிகள் நன்றாக வேலை செய்யத் தொடங்கும், ஆனால் எச்சிலை விழுங்கும் சாமர்த்தியம் இன்னும் வந்திருக்காது. கை என்று ஒன்று இருப்பதும் இப்போதுதான் குழந்தைக்குத் தெரிய வருகிறது. அதை வாயில் வைத்துத்தான் அது அறிந்துகொள்ளும். டீத்தர் கொடுத்தால் கெடுதல் இல்லை, ஆனால் பல் வரவில்லையே என்று நாள் எண்ண வேண்டாம்.

ஜொள்ளில் கன்னமும் கழுத்து மடிப்பும் சிவந்து போகும். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரமான சட்டையை மாற்றி, மெல்லியதாக வாசலின் பூசுங்கள். நாள் முழுக்கப் பேசிஃபையர் வைத்திருந்தால் அதன் தட்டுக்கு அடியில் எச்சில் தேங்கி வாயைச் சுற்றி வட்டமாகவே சிவந்துவிடும். அப்படித் தெரிந்தால் பகலில் அதைக் குறைக்க வேண்டும்.

8. பல் முளைக்கும்போது காய்ச்சலும் வயித்துப்போக்கும் வரும்னு வீட்டுல பெரியவங்க சொல்றாங்க. சரியா?

இது ஒன்றை எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பல் முளைப்பதால் எரிச்சல், ஜொள்ளு, கடிக்கும் ஆசை, தூக்கக் குறைவு, உடம்பு லேசாகக் கதகதப்பது இவையெல்லாம் வரலாம். அதுவும் பல் வெளியே வருவதற்கு நாலு நாள் முன்பிருந்து மூன்று நாள் பின்புவரைதான். 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, வாந்தியோ பல்லால் வருவதில்லை.

பெரியவர்கள் பார்த்தது பொய்யில்லை. முதல் பல் வரும் அதே ஆறு மாதத்தை ஒட்டித்தான் தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. தரையில் கிடப்பதை எடுத்து வாயில் வைப்பதும் அப்போதுதான் தொடங்குகிறது. அதனால் கிருமித் தொற்றும் பல்லும் ஒரே நேரத்தில் வருகின்றன. பழியைப் பல் மேல் போட்டுவிட்டு, காதில் சீழோ சிறுநீர்த் தொற்றோ இருப்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து. மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

9. பேசிஃபையரையே கடிச்சுக்கிட்டு இருக்கட்டுமே, தனியா டீத்தர் எதுக்கு?

கூடாது. பேசிஃபையரின் காம்பு சப்பத்தான் தாங்கும், பல்லைத் தாங்காது. கீழே இரண்டு பல் வந்துவிட்டால் போதும், கொஞ்ச நாளில் காம்பின் அடியில் மயிரிழை போல ஒரு கீறல் விழும். வெறுமனே பார்த்தால் தெரியாது, இழுத்துப் பார்த்தால் வாய் திறக்கும். அந்தத் துண்டு பிய்ந்தால் நேராகத் தொண்டைக்குள்தான் போகும்.

பல் வந்த குழந்தைக்குப் பேசிஃபையர் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் காம்பை எல்லாப் பக்கமும் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீறல், பிசுபிசுப்பு, நிறம் மாறியது, உப்பியது எது இருந்தாலும் தூக்கி எறியுங்கள். குழந்தை அதைக் கடிக்கத் தொடங்கினால் வாங்கிக்கொண்டு டீத்தரைக் கையில் கொடுங்கள்.

10. டீத்தர் வாங்கும்போது எதைப் பார்க்கணும்? கடையில நூறு வகை இருக்கு.

முதலில் அளவு. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொருள்களைச் சோதிக்கப் பயன்படும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். டீத்தரோ அதிலிருந்து கழன்று வரக்கூடிய எந்தப் பகுதியோ அதற்குள் அடங்கினால் அது தொண்டையை அடைக்கும். ஒரே வார்ப்பாகச் செய்தது நல்லது. மணிகள் கோத்தது, ஒட்டு வைத்தது, உள்ளே கிலுகிலுக்கும் சிறு பொருள் உள்ளது எல்லாம் என்றைக்காவது பிரியும்.

அடுத்து பொருள். கெட்டியான சிலிகான்தான் என் முதல் தேர்வு. கொதிக்க வைக்கலாம், நாற்றம் ஏறாது, நகத்தால் அழுத்தினால் லேசாகக் கொடுக்கும். இயற்கை ரப்பரும் நல்லது, ஆனால் லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ள குடும்பத்துக்கு வேண்டாம். உள்ளே காற்றறை உள்ள ரப்பர் பொம்மைகளில் ஓட்டை வழியே எச்சில் புகுந்து பூஞ்சை பிடிக்கும். மரம் என்றால் வண்ணமோ வார்னிஷோ இல்லாத கெட்டி மரம், சிம்பு கிளம்பாதது. தண்ணீரோ ஜெல்லோ நிரப்பியதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பல் முனை பட்டு ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது வாய்க்குள் போகும். உள்ளிருந்த திரவத்தில் பாக்டீரியா இருந்ததால் திரும்பப் பெறப்பட்ட டீத்தர்களும் உண்டு.

மெத்தென்ற பிளாஸ்டிக்கில் தாலேட் என்ற வேதிப்பொருளைக் கலப்பார்கள். சின்னக் குழந்தைகள் வாயில் வைக்கும் பொருள்களில் அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 1999-லேயே தடை போட்டது. எனவே பெயர் தெரியாத, எதனால் செய்தது என்று எழுதாத, திறந்ததும் பெயின்ட் வாடை அடிக்கும் டீத்தரை எடுக்காதீர்கள்.

11. பேசிஃபையர் வாங்கும்போது?

வெளித்தட்டு குழந்தையின் வாயைவிட அகலமாக இருக்க வேண்டும், குறைந்தது நாலு சென்டிமீட்டர். முழுதாக வாய்க்குள் போகவே முடியாதபடி இருப்பது முக்கியம். தட்டில் காற்றுப் போக ஓட்டைகள் இருக்க வேண்டும், தப்பித்தவறி வாய்க்குள் சிக்கினாலும் மூச்சு போகும். இங்கும் ஒரே வார்ப்புதான் பத்திரம்.

லேடெக்ஸ் காம்பு மென்மையானது, ஆனால் வெயிலிலும் எச்சிலிலும் சீக்கிரம் கெடும். ஒன்றிரண்டு மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். சிலிகான் நிறைய நாள் வரும், ஆனால் கீறல் விழுந்தால் சட்டென்று கிழியும். பொதியில் வயது போட்டிருக்கும், பிறந்த குழந்தையின் அளவை எட்டு மாதத்துக்கு வைத்திருக்காதீர்கள். தட்டையாக இருக்கும் "ஆர்த்தோடான்டிக்" காம்பு பல்லைக் காப்பாற்றும் என்று நம்பி அதிகம் செலவு செய்ய வேண்டாம். எந்த வடிவம் என்பதைவிட எத்தனை மணி நேரம், எத்தனை வயது வரை என்பதுதான் பல்லைத் தீர்மானிக்கிறது.

புட்டியின் காம்பில் பஞ்சு அடைத்தோ துணி திணித்தோ பேசிஃபையராகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வளையத்திலிருந்து காம்பு பிரிந்துவரும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

12. டீத்தரை ஃப்ரீசர்ல வச்சுக் கொடுத்தா வலி சீக்கிரம் குறையுமா?

ஃப்ரீசர் வேண்டாம், ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். குளிர்ச்சி வீக்கத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் உறைந்துபோனது கல் மாதிரி ஆகி ஈற்றைக் காயப்படுத்தும், உதட்டில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், பத்து நொடி தாங்க முடியாவிட்டால் குழந்தைக்கும் முடியாது.

13. ஈறுல தடவுற ஜெல் ஒண்ணு இருக்காமே, மரத்துப் போயிடுமாம்.

தடவ வேண்டாம். அவற்றில் பலவற்றில் பென்சோகெயின் இருக்கும். அரிதாக என்றாலும், அது இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடக்கூடும். உதடு நீலமாகி, மூச்சு வாங்கும். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-ல் திட்டவட்டமாகச் சொன்னது. அதேபோல் மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் திரவத்தைப் பற்றி 2014-லேயே எச்சரித்தது, விழுங்கிவிட்டால் வலிப்பும் இதயக் கோளாறும் வரலாம். பெல்லடோனா என்ற நச்சுச் செடி கலந்த பல் மாத்திரைகளும் வேண்டவே வேண்டாம்.

இத்தனைக்கும் பலன் என்ன என்று பார்த்தால், ஊறும் எச்சிலில் சில நிமிடத்தில் கரைந்து தொண்டைக்குள் போய்விடும். கழுவிய விரலால் இரண்டு நிமிடம் ஈற்றை அழுத்தித் தேய்த்துவிடுவது அதைவிட மேல்.

14. பேசிஃபையரைத் தேன்ல தொட்டுக் கொடுத்தா அழுகையை நிறுத்திடுறான். தப்பா?

ஒரு வயது ஆகும்வரை தேன் ஒரு துளிகூட வேண்டாம். தேனில் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை ஒன்றும் செய்யாது. குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், அப்புறம் அழுகை மெலியும், சப்பும் வலு குறையும், இமை தொங்கும், கடைசியில் மூச்சுத் தசைகளே தளரும். 2018-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நாலு குழந்தைகள் இப்படி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நால்வருமே தேன் நிரப்பிய பேசிஃபையர் சப்பியவர்கள். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது.

சர்க்கரைத் தண்ணீரில் தொட்டுக் கொடுப்பதில் அந்த நஞ்சு இல்லை. ஆனால் வரும் பல்லை முளைக்கும்போதே சொத்தையாக்கும் வழி அது.

15. அம்பர் மணி மாலை போட்டா பல் வலி வராதாமே?

அம்பர் என்பது கெட்டியாகிப்போன பழங்கால மரப்பிசின். அதிலிருந்து சக்சினிக் அமிலம் தோல் வழியாக இறங்கி வலியைக் குறைக்கிறது என்று விற்கிறார்கள். அது நிரூபிக்கப்படவில்லை. கழுத்தை இறுக்கும் ஆபத்தும், அறுந்தால் மணி தொண்டையில் சிக்கும் ஆபத்தும் நிஜமானவை. பதினெட்டு மாதக் குழந்தை ஒன்று பகல் தூக்கத்தில் அம்பர் மாலை இறுக்கி இறந்ததைக் குறிப்பிட்டே, இத்தகைய மாலை, வளையல் எதுவும் வேண்டாம் என்று 2018 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கையில், காலில் கட்டுவதும் இதில் அடக்கம்.

16. கிளிப்போட சட்டையில மாட்டிவிடலாமா? நிமிஷத்துக்கு ஒரு தடவை கீழே போடுறான்.

விழித்திருக்கும்போது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டலாம். பட்டை 22 சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது, கழுத்தைச் சுற்ற முடியாத நீளம் அது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவதும் தொட்டில் கம்பியில் கட்டுவதும் எந்நேரத்திலும் கூடாது. தூக்கத்துக்கு 6-ஆம் பதிலைப் பாருங்கள்.

17. கீழே விழுந்ததை நான் ஒரு தடவை சப்பிட்டுக் கொடுக்கிறேன். அது நல்லதுன்னு ஓர் ஆய்வு சொல்லுதாமே?

அந்த ஆய்வு உண்மைதான். ஸ்வீடனில் நடந்து 2013-ல் வெளிவந்தது. பெற்றோர் தங்கள் வாயால் பேசிஃபையரைச் சுத்தம் செய்த குழந்தைகளிடம் ஒன்றரை வயதில் எக்ஸிமா என்ற தோல் அரிப்பும் ஆஸ்துமாவும் குறைவாக இருந்தன. ஆனால் அது இருநூறு குழந்தைகள்கூட இல்லாத சிறிய ஆய்வு. உங்கள் வாயில் உள்ள சொத்தைக் கிருமிகளும் அதே எச்சில் வழியாகத்தான் குழந்தைக்குப் போகும், சளியும் வாய்ப்புண்ணும்கூட. எனக்கு அந்தப் பேரம் சரியாகப் படவில்லை. கழுவிய ஒன்றைச் சின்ன டப்பாவில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்கியதை முதல்முறை ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். ஆறு மாதம் வரை தினம் ஒருமுறை அப்படிச் செய்வது நல்லது. அதற்கப்புறம் சோப்பும் வெந்நீரும் போதும். காம்பின் உள்ளே புகுந்த தண்ணீரை அழுத்தி வெளியேற்றிவிட்டுக் காயவிடுங்கள். மர டீத்தரை ஊறவைக்கவோ கொதிக்கவைக்கவோ கூடாது, ஈரத்துணியால் துடைத்து உடனே காயவைக்க வேண்டும்.

18. பேசிஃபையரால பல் கோணலாகிடுமா? டீத்தராலும் ஆகுமா?

டீத்தரால் ஆகாது. அது ஒரே இடத்தில் மணிக்கணக்காக அழுத்திக்கொண்டிருப்பதில்லை. பேசிஃபையர் நீண்ட காலம் போனால் ஆகும். மேலும் கீழும் முன்பல் சேராமல் நடுவில் ஓர் இடைவெளி விழும். மேல்தாடை குறுகி, கடிக்கும்போது பக்கப் பற்கள் மாறி உட்காரும். இரண்டு வயதுக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தானே சரியாகும். மூன்று வயதைத் தாண்டக் கூடாது என்பது குழந்தைப் பல் மருத்துவர்களின் கணக்கு.

19. விரல் சூப்புறதுக்குப் பேசிஃபையர் எவ்வளவோ மேல், இல்லையா?

ஒரு விஷயத்தில் ஆமாம்: பேசிஃபையரை எடுத்துவிடலாம், கட்டைவிரலை எடுத்துவிட முடியாது. அதனால் விரல் பழக்கம் பள்ளிக்கூட வயது வரைக்கும் நீளக்கூடும். ஆனால் விரல் சூப்பும் மூன்று மாதக் குழந்தை தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளக் கற்றிருக்கிறது. அதை வலுக்கட்டாயமாக மாற்றப் பேசிஃபையரைத் திணிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே விட்டுவிடுவார்கள்.

20. அடிக்கடி காதுவலி வருது. டாக்டர் பேசிஃபையரைக் குறைக்கச் சொன்னார். ஆனா நீங்க தூக்கத்துக்கு நல்லதுன்னு சொல்றீங்களே?

இரண்டும் சரிதான், வயது வேறு. திடீர் சிசு மரணத்தின் ஆபத்து ஆறு மாதத்துக்குள்தான் மிக அதிகம். நடுக்காதுத் தொற்று கூடுவதோ ஆறு மாதத்துக்குப் பிறகு. பேசிஃபையரை எந்நேரமும் சப்பும் குழந்தைகளிடம் அது இன்னும் அதிகம். ஃபின்லாந்தில் நடந்து 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், தூங்கப்போகும் நேரத்துக்கு மட்டும் கொடுக்கச் சொல்லப்பட்ட பெற்றோரின் குழந்தைகளிடம் காதுத் தொற்று 29 சதவீதம் குறைந்தது.

ஆக, ஆறு மாதம் வரை தாராளமாக, அப்புறம் தூங்கவைக்கும்போது மட்டும். தூங்கியதும் மெல்ல எடுத்துவிடலாம். பகலில் அதன் இடத்துக்கு டீத்தர் வந்துவிடும், பல் வரும் காலமும் அதுதானே. திரும்பத் திரும்பக் காதுத் தொற்று வரும் குழந்தைக்கு முழுக்கவே நிறுத்துவது நல்லது.

21. எங்க பாப்பா ரெண்டையுமே துப்பிடுறா. ஏதாவது பிரச்சினையா?

இல்லை. இரண்டும் கட்டாயமான பொருள்கள் கிடையாது. சுத்தமான பருத்தித் துணியை நனைத்து, ஒரு முனையை முடிச்சுப் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுங்கள். டீத்தரை ஒதுக்கும் பல குழந்தைகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். நூல் பிரிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் பச்சைக்குழந்தை பேசிஃபையரோடு மார்பையும் புட்டியையும் சேர்த்து ஒதுக்கினால், அல்லது சப்பவே வலுவில்லாமல் இருந்தால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

22. பேசிஃபையரை எப்படி நிறுத்துறது? காம்புல கசப்பு தடவலாமா?

கசப்பும் வேண்டாம், காம்பை வெட்டிக் கொடுப்பதும் வேண்டாம். வெட்டினால் துண்டு பிய்ந்து வரும், 9-ஆம் பதிலில் சொன்ன ஆபத்து அதுதான். முதலில் பகலில் நிறுத்துங்கள், அப்புறம் வெளியே போகும்போது, கடைசியில் தூக்கத்துக்கு. அது இருந்த இடத்தில் வேறு ஏதாவது வர வேண்டும்: முதுகைத் தட்டிக்கொடுப்பது, ஒரே பாட்டு, ஒரு வயது தாண்டியிருந்தால் பிடித்த ஒரு துணி. ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் தொடங்குவது சுலபம். இரண்டு வயதில் குழந்தைக்குப் பேச்சு வந்திருக்கும், அடமும் கூடவே வந்திருக்கும். அப்போது முன்கூட்டியே சொல்லிவைத்து, ஒரு நாளைக் குறித்து, அன்றோடு வீட்டில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

காய்ச்சல், வீடு மாறுவது, தம்பி தங்கை பிறப்பது இருக்கும் வாரத்தில் தொடங்க வேண்டாம்.

23. ரெண்டு வயசாகுது. பேசிஃபையரை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு. இப்போ கடைவாய்ப்பல் வந்து ராத்திரியெல்லாம் அழுது அதையே கேக்கிறா. கொடுத்துடலாமா?

கொடுக்க வேண்டாம். கேட்பது பேசிஃபையரை என்றாலும் வலி இருப்பது பின்ஈற்றில். அங்கே பேசிஃபையரின் காம்பு எட்டவே எட்டாது. இரண்டாவது கடைவாய்ப்பற்கள் சுமார் 23 முதல் 33 மாதத்துக்குள் வரும், அவைதான் பால்பற்களில் அளவில் பெரியவை. அதனால் வலியும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். முன்பல்லுக்காக வாங்கிய வட்ட வளையமும் பின்னால் போகாது. தட்டையான, நீண்ட கை உள்ள சிலிகான் டீத்தரைத் தேடுங்கள். குளிர்ந்த ஈரத்துணி முடிச்சையும் பின்பல்லுக்கு இடையில் கடிக்கவிடலாம். இவற்றைப் படுக்கப்போகும் முன், உட்கார்ந்த நிலையில் கொடுத்து, தூங்கும்போது எடுத்துவிடுங்கள்.

அப்படியும் தூங்க முடியாத இரவு என்றால், உங்கள் மருத்துவர் குழந்தையின் எடைக்குச் சொன்ன அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கூடாது. ஒரு பக்கக் காதை மட்டும் பிடித்து இழுக்கிறாள், படுத்தால் அழுகை கூடுகிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் பல்லை விட்டுவிட்டுக் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்ஈற்றில் பல் வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனால் மருத்துவருக்கும் உதவியாக இருக்கும்.